வெட்டின நாலு நிமிஷம்

குடையை மூன்றாவது பெஞ்சில் வைத்துவிட்டு, அதற்கும் தனக்கும் சம்பந்தமே இல்லாதவர் போல நடந்து வந்து ஐந்தாவது பெஞ்சில் உட்கார்ந்தார் இருதயராஜ். பத்து முப்பத்தெட்டு. ஹெட்போனை மாட்டினார். ரெக்கார்டரை அழுத்தினார். சிவப்பு விளக்கு. பச்சைக் கோடு ஏறி இறங்கியது. மடியில் இருந்த பைக்குள்ளிருந்து இரண்டு மைக்கும் ரோம உறை போட்ட தலையை வெளியே நீட்டிக்கொண்டிருந்தன. எல்லாம் அன்றைக்கு இருந்த மாதிரியே. அதே டெர்மினஸ், அதே பெஞ்சு, அதே செவ்வாய்க்கிழமை, காலடியில் அதே மஞ்சள் மூடி தண்ணீர் பாட்டில். இல்லாதது ஒரு ஆள். அந்த ஆள் இல்லாத நாலு நிமிஷம்தான் வேண்டும். நாலே நிமிஷம். பதினொன்று மூன்றிலிருந்து பதினொன்று ஏழு வரைக்கும். பஸ் சத்தம், செருப்புச் சத்தம், தகரக் கூரைமேல் காக்கா, நடுவில் டைம் கீப்பர் ரூம் ஸ்பீக்கரில் அந்தப் பெண் ஒரு குடை கிடைத்திருக்கிறது என்று சொல்ல வேண்டும். அவ்வளவுதான். சொல்ல வேண்டுமென்றால் ஒரு குடை கிடைக்க வேண்டும். கிடைக்க வேண்டுமென்றால் யாராவது தொலைக்க வேண்டும். தொலைத்தாயிற்று. அறுபத்தேழு வயசில், பெரம்பூரிலிருந்து இரண்டு பஸ் மாறி வந்து, சொந்தக் குடையைத் தொலைத்துவிட்டு உட்கார்ந்திருக்கிறான் ஒருத்தன். மெர்சி கேட்டாள், கிளம்பும்போது. "வெயிலு கொளுத்துது, குடை எதுக்கு?" குடையை அக்குளில் இடுக்கிக்கொண்டார். அவளும் இரண்டாவது முறை கேட்கவில்லை. முப்பத்தெட்டு வருஷமாக அவள் எதையும் இரண்டாவது முறை கேட்பதில்லை. கேட்டால் விரல்தான் பதில். டப்பிங் தியேட்டரில் முப்பத்தொரு வருஷம். உள்ளே நடிகன் வசனம் பேசிக்கொண்டிருப்பான், வெளியே எவனாவது டீ கிளாஸோடு கதவைத் திறப்பான். இவர் திரும்பக்கூட மாட்டார், ஆள்காட்டி விரல் மட்டும் மேலே போகும். நின்றுவிடுவான். ரிட்டையர் ஆனபின் ஊர்ச் சத்தத்தைப் பதிவு பண்ணக் கிளம்பியதும் விரல் வீட்டுக்குள்ளும் வந்துவிட்டது. மிக்ஸி போடாதே, விரல். ஃப்ரிட்ஜை அணை, விரல். "உன் விரலை வெட்டி அந்தோணியார் உண்டியல்ல போட்டாத்தான் எனக்கு விமோசனம்" என்பாள் மெர்சி. அதையும் அவர் விரலைத் தூக்கியபின் வாயசைப்பாகத்தான் சொல்லுவாள். யாரும் குடையைப் பார்க்கவில்லை. பத்து நாற்பத்திரண்டு. ஒருத்தன் அதன்மேலேயே உட்காரப் போனான், நகர்த்தி வைத்துவிட்டு உட்கார்ந்தான். திருடக்கூட ஆள் இல்லாத ஊராகப் போய்விட்டது.

மிஷின் நின்றுவிட்டது என்று சொல்லியிருக்கலாம். அவளே எடுத்துக் கொடுத்தாள், அந்த ஸ்பீக்கர்ப் பெண், வேதவல்லி. போன வாரம் போனில். "சார், நான் தணிகாசலம் பொண்ணு. இஞ்சி மரப்பா விப்பாரே. ஞாபகம் இருக்கா சார்? டெர்மினஸ்ல. நீங்கதானே கடைசியா அப்பாவுக்குத் தண்ணி குடுத்தது." ஞாபகம் இருக்கா. பதினோரு மாசமாக வேறு என்ன ஞாபகம் இருக்கிறது. ம் என்றார். அவள் கண்காட்சிக்குப் போயிருக்கிறாள். நகரத்தின் ஓசைகள் என்று பேர் வைத்து, ஒரு இருட்டு அறை, எட்டு ஸ்பீக்கர், தரையில் ஜமுக்காளம், முப்பத்தாறு நிமிஷம் ஒரு பஸ் நிலையத்தின் சத்தம் மட்டும். இருதயராஜின் பேர் வாசலில் கொட்டை எழுத்தில். பஸ் நிலைய ஊழியர்களுக்கு இலவச அழைப்பு கொடுத்தால் நன்றாக இருக்கும் என்று ஏற்பாடு செய்தவர்களில் யாருக்கோ தோன்றியிருக்கிறது. அவனைச் சொல்ல வேண்டும். இரண்டு கண்டக்டர் அம்மாக்களோடு அவளும் போயிருக்கிறாள். இருட்டில் உட்கார்ந்திருக்கிறாள். அவள் அப்பா இடது பக்கத்திலிருந்து வந்திருக்கிறார். "மொரப்பா, மொரப்பா, இஞ்சி மொரப்பா, வாயு போவும் பித்தம் போவும், வண்டி போறதுக்குள்ள வாங்கிக்க." "மூணு வாட்டி போய்க் கேட்டேன் சார். கொரலு அப்படியே இருக்கு. கிட்ட வராரு, தாண்டிப் போறாரு. ஆனா ஒண்ணு சார். பதினொண்ணு ரெண்டுக்கு நாப்பத்தி நாலை எடுக்கச் சொல்றேன் மைக்குல. அப்புறம் கறுப்புக் குடை ஒண்ணு கெடைச்சிருக்குன்னு சொன்னேன். அதுக்கப்புறம்தான் பன்னெண்டு பி. உங்க டேப்புல நாப்பத்தி நாலு இருக்கு, உடனே பன்னெண்டு பி வந்துடுது. குடையே இல்ல. குடையைச் சொல்லி ரெண்டு நிமிஷம் கூட ஆகல, ஓடி வந்து சொன்னாங்க அப்பா உழுந்துட்டாருன்னு. நான் எப்படி சார் மறப்பேன்?" "நடுவுல மிஷின் நின்னு போச்சா சார்?" ஆமாம்மா என்று சொல்லியிருக்க வேண்டியதுதான். நாலே எழுத்து. அவள் சரி சார் என்று வைத்திருப்பாள். ஆனால் வாயில் வந்தது வேறு. "என் மிஷின் நிக்காதும்மா." திமிர். முப்பத்தொரு வருஷமாக ஒரு டேக் வீணாக்கினதில்லை, பாட்டரி தீர்ந்ததில்லை, கார்டு நிறைந்ததில்லை என்கிற திமிர். ஒரு கொலைகாரன்கூட என் கத்தி மழுங்காது என்று போலீஸிடம் சொல்ல மாட்டான். கொலைகாரன் என்ற சொல் எங்கிருந்து வந்தது. யாரும் சொல்லவில்லை. யாருமே சொல்லவில்லை. "அப்ப முழுசா இருக்கா சார்? வெட்டாம? அப்பா கடைசியா ஏதாச்சும் பேசினாரான்னு... எனக்கு அது போதும் சார்." இருக்கு என்றார். செவ்வாய்க்கிழமை பதினொன்றேகாலுக்கு டீ பிரேக்கில் வருகிறேன், நீங்க அந்த பெஞ்சுலயே இருங்க என்றாள். அந்த பெஞ்சிலேயே.

"பெருசு! யோவ் பெருசு! ஒன்னைத்தான்." பூக்காரி. மூன்றாவது பெஞ்சுக்குப் பின்னால் கூடை வைத்திருப்பவள். கையில் குடை. "கொடைய அங்க வெச்சுட்டு இங்க வந்து குந்தினுகீற. மறதியா?" அவர் திரும்பவில்லை. விரல் கிளம்பியது, தொடையோடு சேர்த்து அழுத்திப் பிடித்துக்கொண்டார். தலையை மட்டும் ஆட்டினார். இல்லை, என்னுடையது இல்லை. "இன்னாது இல்ல? நீதான வெச்ச, நான் பாத்துனுதான இருந்தேன். காதுல அத்த மாட்டினு பாட்டு கேட்டா எங்கேந்து ஞாபகம் இருக்கும்." குடையை மடியில் போட்டாள், மைக் மேல். பச்சைக் கோடு சிவப்புக்குப் போய்த் திரும்பியது. ஹெட்போனுக்குள் வீடு இடிந்த மாதிரி சத்தம். "சொல்லு, தேங்க்ஸுன்னு ஒரு வார்த்த சொன்னா வாயி தேஞ்சுடுமா? வூட்ல அம்மா எப்படித்தான் காலந்தள்ளுதோ." போய்விட்டாள். நல்லவர்கள் தொல்லை பெரிய தொல்லை. பத்து ஐம்பத்தொன்று. அவள் கவனிக்காத இடமாகப் பார்க்க வேண்டும். எழுந்து, கழிப்பறைக்குப் போகிறவர் போலப் போய், குடிதண்ணீர்த் தொட்டிக்கு அந்தப் பக்கம் இருந்த ஏழாவது பெஞ்சின் அடியில் குடையை நழுவ விட்டுவிட்டு வந்தார். நெஞ்சு அடித்துக்கொண்டது. திருடும்போது இப்படித்தான் அடித்துக்கொள்ளுமாக இருக்கும். உட்கார்ந்தார். ரெக்கார்டர் ஓடிக்கொண்டிருந்தது. ஓடட்டும். நிற்காது அது.

அன்றைக்கு முப்பத்துமூன்று நிமிஷம் ஓடியிருந்தது. நாற்பது நிமிஷம், வெட்டில்லாமல், ஒரே டேக். அதுதான் கணக்கு. முப்பத்துமூன்றாவது நிமிஷத்தில் அது நடந்தது. நாற்பத்துநாலு கிளம்பிப் போனது. அதோடு நிலையத்தில் இருந்த ஒவ்வொரு வண்டியும் என்ஜினை அணைத்தது. ஒன்று அணைந்தது, அப்புறம் ஒன்று, அப்புறம் ஒன்று, கடைசியாக மூலையில் இருமிக்கொண்டிருந்த கிழட்டு வண்டி. யாரும் சொல்லி வைக்கவில்லை. அப்படி அமைந்தது. பஸ் நிலையத்தில் அமைதி. வேறு யாருக்கும் அது அமைதியாகத் தெரிந்திருக்காது, பேச்சும் காலடியும் இருந்தன, ஆனால் அடியில் எப்போதும் இருக்கிற அந்த உறுமல் போய்விட்டது. தரை விலகின மாதிரி. தகரக் கூரையில் காக்கா நடப்பது கேட்டது, நகம் நகமாக. தொட்டிக் குழாயில் சொட்டுகிற தண்ணீர் முப்பது அடியிலிருந்து கேட்டது. அவருக்கு மயிர் சிலிர்த்தது. முப்பத்தொரு வருஷத்தில் கிடைக்காதது. மூச்சைக்கூட மெல்ல விட்டார். அப்போது வந்தார் மரப்பாக்காரர். கழுத்தில் சங்கிலி போட்டு மாட்டிய தகரத் தட்டு. அரைமணி நேரமாகப் பதிவில் கத்திக்கொண்டிருந்த குரல்தான், இப்போது கத்தவில்லை. பெஞ்சுக்குப் பக்கத்தில் வந்து நின்று, குனிந்து, "சார், கொஞ்சம் தண்ணி இருக்குமா?" என்றார். பாட்டில் காலடியில். முக்கால் பாட்டில். குனிந்து எடுத்தால் சட்டைத் துணி உரசும், பை அசையும், மூடி திருகும் சத்தம், பிளாஸ்டிக் நெறிபடும் சத்தம். இதெல்லாம் யோசித்தாரா? யோசிக்கவில்லை. யோசித்திருந்தால் கொடுத்திருப்பார். விரல் போனது மேலே. தானாக. ஒரு விரல், ஒரு நிமிஷம். மரப்பாக்காரர் விரலைப் பார்த்தார், மைக்கைப் பார்த்தார், ஹெட்போனைப் பார்த்தார். புரிந்துகொண்டார். அந்த மனுஷன் புரிந்துகொண்டார். இதுதான் விடமாட்டேன் என்கிறது. திட்டியிருக்கலாம். வேறு யாரிடமாவது போய்க் கேட்டிருக்கலாம், முப்பதடியில் தொட்டி இருந்தது, முப்பதடி நடக்க முடியவில்லை போல. "சரி சார், முடிச்சுக்கங்க" என்றார், ரகசியம் பேசுகிற மாதிரி. தட்டைச் சத்தம் வராமல் இறக்கி வைத்தார், சங்கிலியை உள்ளங்கையில் பிடித்துச் சுருட்டி வைத்தார், அது கிணுங்கக்கூடாது என்று. பக்கத்தில் உட்கார்ந்தார். இருமல் வந்தபோது துண்டை வாயில் வைத்து அடக்கினார். நாலு நிமிஷம். நடுவில் ஸ்பீக்கரில் குடை வந்தது. அப்போது ஒரு வார்த்தை சொன்னார். அதை வேண்டாம். அதை இப்போது நினைக்க வேண்டாம். ஏழாவது பெஞ்சுப் பக்கம் ஒரு கண்டக்டர் குனிகிறான். குனிந்து ஷூ கயிறு கட்டுகிறான். போய்விட்டான்.

தட்டு விழுந்த சத்தம் கேட்டபிறகுதான் ஹெட்போனைக் கழற்றினார். மரப்பா பொட்டலம் எல்லாம் தரையில். பிறகு எல்லாம் செய்தார், ஒன்று விடாமல் செய்தார். மூடியைத் திருகி வாயில் ஊற்றினார், பாதி கழுத்தில் வழிந்தது. ஆட்டோ பிடித்தார். கூடவே ஏறப் போனார், வேதவல்லி ஓடி வந்து ஏறிக்கொண்டாள். ஆஸ்பத்திரி வாசலுக்கு முன்னாலேயே முடிந்துவிட்டது என்று மறுநாள் சொன்னார்கள். அந்த நாலு நிமிஷத்தில் ஒன்றும் ஆகியிருக்காது. பெரிய அட்டாக்காம். தண்ணீர் குடித்தால் அட்டாக் நிற்குமா. நிற்காது. ஆனால் தண்ணீர் கொடுத்திருந்தால் முகத்தைப் பார்த்திருப்பார். முகத்தைப் பார்த்திருந்தால் தெரிந்திருக்கும். வியர்வை தெரிந்திருக்கும். நாலு நிமிஷம் முன்னால் ஆட்டோ. ஆஸ்பத்திரி வாசலுக்கு உள்ளே. உள்ளேயா, வெளியேயா. இதைத்தான் பதினோரு மாசமாக. பதினாறாம் நாள் அவள் நிலையத்தில் பார்த்துக் கையெடுத்துக் கும்பிட்டாள். "கடைசித் தண்ணி உங்க கையால சார். எங்களுக்குக் குடுத்து வைக்கல." நிலையத்தில் எல்லோரும் அப்படித்தான் சொன்னார்கள், அந்த மிஷின்காரப் பெரியவர்தான் தண்ணி கொடுத்தார். பொய்யா அது? கொடுத்தார்தானே. கோவிலில் பாவசங்கீர்த்தன வரிசையில் இரண்டு சனிக்கிழமை நின்று பார்த்தார். முறை வந்ததும், பின்னால் நின்ற ஆளை முன்னே விட்டுவிட்டு வெளியே வந்துவிட்டார். என்னவென்று சொல்வது. ஃபாதர், நான் ஒரு விரலைத் தூக்கினேன். கண்காட்சிக்குக் கேட்டபோது வெட்டினார். நாற்பத்துநாலு போகிற உறுமலின் வாலையும் பன்னிரண்டு பி வருகிற உறுமலின் தலையையும் ஒன்றன்மேல் ஒன்று போட்டுத் தேய்த்துவிட்டார். விழுந்தபின் எழுந்த கூச்சலைப் பன்னிரண்டு பியின் உறுமலே முழுங்கிக்கொண்டது. தையல் தெரியவில்லை. சத்தம் தெரிந்தவன் எவனுக்கும் தெரியாது. வாழ்நாளில் கிடைத்த நல்ல நாலு நிமிஷம், அதை வெட்டிப் போட்டுவிட்டு மிச்சத்துக்குக் கைதட்டல் வாங்கினார். தையலைக் கண்டுபிடித்தது ஒரு டைம் கீப்பர். காதால் இல்லை. வண்டி வரிசையால். நாற்பத்துநாலுக்கும் பன்னிரண்டு பிக்கும் நடுவில் அஞ்சு நிமிஷம் இருக்கிறதென்று அவளுக்குத்தானே தெரியும். இவருக்கு எந்த வண்டி எப்போது என்று தெரியாது, எந்த வண்டி எப்படி உறுமும் என்றுதான் தெரியும். அசலிலிருந்து அவள் குரலை மட்டும் உருவி எடுக்கலாமென்று மூன்று நாள் பகலெல்லாம் கம்ப்யூட்டர் முன்னால் உட்கார்ந்தார். வரவில்லை. அவள் குரலுக்கு அடியிலேயே அவள் அப்பாவின் மூச்சு ஓடுகிறது. ஒன்றைப் பிடித்து இழுத்தால் இன்னொன்றும் கூடவே வருகிறது. சட்டைப்பையில் பென் டிரைவ் இருக்கிறது, அசல். அதைக் கொடுக்க இல்லை. சும்மா இருக்கிறது. இன்றைக்கு நாலு நிமிஷம் எடுத்துவிட்டால், மதியம் வீட்டில் ஒட்டி, நாளைக்கு அவளிடம் கொடுத்துவிடலாம். பதினொன்றேகாலுக்கு வந்தால் கார்டு கொண்டு வரவில்லை, நாளைக்கு என்று சொல்லிவிடலாம். அப்பா ஒன்றும் பேசலையேம்மா. சும்மா நடந்து போனாரு. அவ்வளவுதான்.

பதினொன்று இரண்டு. ஸ்பீக்கர் கரகரத்தது. "நாப்பத்தி நாலு, நாப்பத்தி நாலு வண்டி எடுக்கலாம்." அவள்தான். முட்டி தேய்ந்து போனதால் கண்டக்டர் வேலையிலிருந்து மைக் வேலைக்கு மாற்றப்பட்டவள். அந்தக் குரலில் தூக்கமும் இல்லை விழிப்பும் இல்லை, காகிதத்தில் எழுதினதைப் போலச் சுத்தமாக வரும். நல்ல குரல். டப்பிங்கில் இருந்திருக்கலாம். நாற்பத்துநாலு உறுமிப் போனது. இன்றைக்கு எதுவும் அணையவில்லை. எல்லா வண்டியும் உறுமிக்கொண்டே நின்றன. அந்த அமைதி வராது. வராமலிருப்பதே நல்லது, ஒட்டு தெரியாது. பதினொன்று மூன்று. குடை. யாராவது எடு. எடுங்களேன்டா. ஏழாவது பெஞ்சுக்கு அந்தப் பக்கம் தலையைத் திருப்பாமல் கண்ணை மட்டும் திருப்பினார். காலேஜ் பையன் ஒருவன் குனிந்து குடையை எடுத்தான். சுற்றிப் பார்த்தான். கடவுளே, பூக்காரியிடம் கேட்காதே. பையன் பக்கத்தில் நின்ற கண்டக்டரிடம் நீட்டினான். கண்டக்டர் வெற்றிலை வாயோடு ஏதோ சொல்லிக்கொண்டே வாங்கி, விரித்துப் பார்த்து, மூடி, டைம் கீப்பர் ரூமைப் பார்த்து நடந்தான். பெரிய அவசரம் ஒன்றும் இல்லாமல் நடந்தான். நடுவில் ஒருத்தனோடு நின்று பேசினான். பதினொன்று நாலு. பேசிச் சிரித்தான். போடா. போய்த்தொலை. ஜன்னல் வழியாகக் குடை உள்ளே போனது. ஸ்பீக்கர் கரகரத்தது. இருதயராஜ் மூச்சை நிறுத்தினார். பச்சைக் கோடு அளவாக ஏறியது. "பயணிகள் கவனத்திற்கு. கறுப்புக் குடை ஒன்று..." நின்றாள். அரை நொடி. வேறு யாருக்கும் தெரிந்திருக்காது. "...கறுப்புக் குடை ஒன்று கண்டெடுக்கப்பட்டுள்ளது. உரியவர்கள் நேரக்காப்பாளர் அறைக்கு வந்து பெற்றுக்கொள்ளவும்." இரண்டாம் தடவை சொன்னாள், அதில் தடுக்கல் இல்லை. கிடைத்துவிட்டது. சுத்தமாக. பக்கத்தில் யாரும் மூச்சு விடவில்லை. யாரும் இருமலை அடக்கவில்லை. அவள் குரல் வெறும் காற்றில் தனியாகத் தொங்கியது. அப்போது காது எதற்கோ காத்திருந்தது. இந்த இடத்தில், கண்டெடுக்கப்பட்டுள்ளது என்று முடிந்து அடுத்தது தொடங்குவதற்கு முன்னால், வலது பக்கத்திலிருந்து, துண்டுக்குள்ளிருந்து, ஒரு வார்த்தை வர வேண்டும். நூறு தடவை கேட்டு, அந்த வார்த்தை இல்லாமல் அவள் குரலே இவருக்கு முழுசாகக் கேட்பதில்லை. "நம்ம பொண்ணுதான் சார்." அதுதான் அவர் சொன்னது. ரகசியமாக, பெருமையாக. சார் பதிவு பண்ணுகிறார், பெண்ணின் குரல் பதிவாகிறது, அதைச் சொல்லாமல் இருக்க முடியவில்லை, டேக்கைக் கெடுக்கவும் மனசில்லை. அதற்கப்புறம் ஒன்றரை நிமிஷத்தில் தட்டு விழுந்தது. இப்போது அந்த இடத்தில் ஒன்றும் இல்லை. வண்டிச் சத்தம் வந்து அந்த ஓட்டையை மூடிக்கொண்டது. நல்ல டேக். அருமையான டேக். வாய் கசந்தது. தண்ணீர் குடிக்க வேண்டும் போலிருந்தது. பாட்டிலைத் தொடவில்லை. ஏழு வரைக்கும் ஓட வேண்டும். ஏழும் ஆயிற்று. எட்டு. பன்னிரண்டு பி போய்விட்டது. நிறுத்த வேண்டும். நிறுத்தாமல் உட்கார்ந்திருந்தார். நிறுத்தினால் எழுந்து போகலாம், அவள் வருவதற்குள் போய்விடலாம், இன்னும் ஏழு நிமிஷம் இருக்கிறது. காக்கா நடந்தது. கால் மரத்துப் போயிருந்தது.

"சார்." அவர் பார்க்கவில்லை. விரல் போய்விட்டது மேலே. இந்தத் தடவை அழுத்திப் பிடிக்க நேரம் இல்லை. வலது பக்கத்திலிருந்து வந்த குரல் அப்படியே நின்றது. தொண்டையைச் செருமப் போனதை நிறுத்திக்கொண்டது. ஒரு உடம்பு மெல்ல, பெஞ்சு அசையாமல், பக்கத்தில் உட்கார்ந்தது. வளையல் கிணுங்காமல் ஒரு கை இன்னொரு கையைப் பிடித்துக்கொண்டது. அதைக் கேட்டார். ஹெட்போனுக்குள், பெரிதாக, வளையல் பிடிபடுகிற சத்தம். சங்கிலியை உள்ளங்கையில் சுருட்டினாரே, அதே சத்தம். திரும்பினார். வேதவல்லி. காக்கி மேல்சட்டை, மடியில் கறுப்புக் குடை. வாயை மூடிக்கொண்டு, பள்ளிக்கூடப் பிள்ளை மாதிரி, நீங்க முடிங்க சார் என்று கண்ணால் சொன்னாள். முன்னாலேயே வந்துவிட்டாள். இவருடைய விரல் இன்னும் காற்றில் இருந்தது. அது யாருடையதோ போல அதைப் பார்த்தார். நகத்தில் அழுக்கு. நிறுத்தினார் ரெக்கார்டரை. ஹெட்போனைக் கழற்றியதும் நிலையத்தின் சத்தம் சின்னதாகப் போனது.

"நான் கெடுத்துட்டேனா சார்?" என்றாள். "அஞ்சு நிமிஷம் முன்னாடியே பர்மிஷன் போட்டுட்டேன். ஒக்கார முடியல. இன்னிக்கும் ஒரு குடை சார். கைப்பிடியில உங்க பேரு கீறி வெச்சிருக்கு. பூக்காரம்மா வேற வந்து கத்திட்டுப் போச்சு, பெருசு ரெண்டாம் வாட்டியும் உட்டுட்டாருன்னு." குடையை நீட்டினாள். மெர்சி கீறி வைத்தது, ஊசியால், இ.ரா. என்று. அதை யோசிக்கவே இல்லை. முப்பத்தொரு வருஷம் சத்தத்திலேயே இருந்தவனுக்குக் கைப்பிடியில் எழுதியிருப்பது எங்கே ஞாபகம் வரும். "மறதி" என்றார். பொய் அவ்வளவு சுலபமாக வந்தது. இன்னொன்றும் வரும். கார்டு கொண்டு வரலை, நாளைக்கு. நாக்கின் நுனியில்தான் இருந்தது. அவள் கை இன்னும் வளையலை விடவில்லை. பதிவு நின்றது அவளுக்குத் தெரியும், ஆனாலும் விடவில்லை. சட்டைப்பையிலிருந்து பென் டிரைவை எடுத்தார். இந்த ரெக்கார்டரில் செருகினால் பாடும். செருகினார். ஹெட்போனை அவளிடம் கொடுத்தார். "முப்பத்துமூணாவது நிமிஷம்" என்றார். "நடுவுல நிறுத்தாதே."

அவள் ஒரு காதை உள்ளங்கையால் அழுத்திக்கொண்டாள். இவருக்கு இப்போது ஒன்றும் கேட்கவில்லை, நிலையம்தான் கேட்டது. அவள் முகத்தைப் பார்த்தார். அன்றைக்குப் பார்க்காத முகத்துக்குப் பதிலாக. புருவம் நெரிந்தது, அது தண்ணி இருக்குமா. அப்புறம் ஒன்றுமில்லை, அது விரல். விரலுக்குச் சத்தம் இல்லை. அதற்கப்புறம் முடிச்சுக்கங்க. அவள் கழுத்து லேசாகச் சாய்ந்தது, கதவுக்கு அந்தப் பக்கம் ஆளிருக்கிறதா என்று கேட்கிற மாதிரி. கடிகாரத்தைப் பார்க்காமலே இவருக்கு நொடி தெரிந்தது. இதோ, குடை. அவள் உதடு அசைந்தது, தன் வார்த்தையைத் தானே சொல்லிக்கொண்டு, கறுப்புக் குடை ஒன்று கண்டெடுக்கப்பட்டுள்ளது. உதடு நின்றது. நின்றபடியே திறந்திருந்தது. கண்ணிலிருந்து ஒன்றும் வரவில்லை, மூக்கிலிருந்துதான் வந்தது, புறங்கையால் தேய்த்துக்கொண்டாள். தட்டு விழும் வரைக்கும் கேட்டாள். ஹெட்போனைக் கழற்றி மடியில் வைத்தாள்.

"காலையில நெஞ்சு கரிக்குதுன்னாரு சார். உன் மொரப்பாவையே தின்னுக்கோன்னு சொல்லிட்டு வந்தேன்." ஹெட்போன் வயரைச் சுருட்டிக்கொண்டே, "என்னைச் சொல்லியிருக்காரு" என்றாள். பிறகு, "தண்ணி கேட்டிருக்காரு" என்றாள்.

"ஆமா."

"உடனே குடுத்தீங்கல்ல சார்? சத்தம் வராம?"

அவளே வழி விட்டாள், இரண்டாவது தடவையாக. வழி திறந்தே கிடந்தது. டேப்பில் எதுவும் இல்லை. பாட்டில் டேப்பில் இல்லை. விரல் டேப்பில் இல்லை. "இல்லை" என்றார் இருதயராஜ். "விழுந்ததுக்கப்புறம்தான் குடுத்தேன். பாட்டில் இங்கே இருந்தது. இதே பாட்டில். முக்கால் இருந்தது. உங்கப்பாவுக்கு நான் காட்டினது இதுதான்." விரலைத் தூக்கினார். இந்தத் தடவை அவரே தூக்கினார். கனத்தது.

அவள் விரலைப் பார்த்தாள். பிறகு குனிந்து மஞ்சள் மூடியைப் பார்த்தாள். நாற்பத்துநாலு டிரைவர் ஒருவர் ரூம் ஜன்னலைத் தட்டிக் கத்தினார், "ஏம்மா வேதா, வண்டி எடுக்கிறதா வேணாமா? டீ குடிக்கிறியா தேயிலை பறிக்கிறியா?" அவள் எழுந்தாள். பென் டிரைவைப் பிடுங்கி எடுத்தாள். முட்டியைத் தாங்கித் தாங்கி ரூமைப் பார்த்து நடந்தாள். கும்பிடவில்லை. அதுவே போதும்.

பையைச் சுருட்டிக்கொண்டு கிளம்பினார். வேகமாக நடந்தார். ரெக்கார்டர், மைக், குடை, எல்லாம் இருக்கிறது. வெயில் முகத்தில் அடித்தது. கால் மரப்பு இன்னும் விடவில்லை. மெர்சியிடம் சொல்ல வேண்டும், இன்றைக்கே, விரலை மடக்கிக்கொண்டு. நிலைய வாசலைத் தாண்டப்போகும்போது ஸ்பீக்கர் திறந்தது. பேச்சு வரவில்லை. மைக் திறந்திருக்கிற இரைச்சல் மட்டும், கூரை முழுக்க. பழக்கம், எண்ணினார். ஒன்று, இரண்டு. ஒன்பதில் அவள் மூச்சு கேட்டது. "நாப்பத்தி நாலு எடுக்கலாம்." பிறகும் மைக் மூடவில்லை. "பயணிகள் கவனத்திற்கு. மஞ்சள் மூடி போட்ட தண்ணீர் பாட்டில் ஒன்று ஐந்தாவது பெஞ்சில் விடப்பட்டுள்ளது." இருதயராஜ் நின்றார். தண்ணீர் பாட்டிலுக்கு யாரும் மைக் பிடிக்க மாட்டார்கள். "உரியவர் நேரக்காப்பாளர் அறைக்கு நேரில் வந்து பெற்றுக்கொள்ளவும்." வழக்கப்படி இரண்டாம் தடவையும் சொன்னாள். மஞ்சள் மூடி போட்ட தண்ணீர் பாட்டில் ஒன்று. குரல் காகிதம் போலச் சுத்தமாக இருந்தது, அதில் கோபமும் தெரியவில்லை, வேறொன்றும் தெரியவில்லை. அத்தனை வருஷம் குரலைக் கேட்டே ஆளைச் சொன்னவருக்கு ஒன்றும் பிடிபடவில்லை. "யோவ் பெருசு, ஒன்னைத்தான்யா கூப்புடுது" என்றாள் பூக்காரி. அவர் திரும்பினார். தொண்டை வறண்டிருந்தது. பாட்டில் அடியிலேயே கிடந்த ஐந்தாவது பெஞ்சைத் தாண்டி, அவள் இருந்த ஜன்னலைப் பார்த்து நடந்தார்.